கைவிளக்கேந்திய அம்மாளின் கணக்கு நோட்டு



மே மாதம் 12-ம் தேதி நர்ஸ்கள் தினம். வருஷாவருஷம் அந்த வாரத்து ஆராதனையில் நம்ம சபையில் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைகளை முன்னே கூப்பிட்டு ஜெபிக்கிறோம். இந்த வருஷம் பாஸ்டர் ஐயா, நான் ரிட்டயர்டு நர்ஸ் என்பதால், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. எல்லாரும் எழுதுகிற விளக்குக் கதையை எழுத மனசு வரவில்லை. அந்த அம்மாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறே ஒன்று. அதைச் சொல்லணுமானால் என் சொந்தத் தப்பு ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாகணும். ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் டிரெய்னிங் முடித்து வார்டுக்கு வந்த காலத்தில், படுத்த படுக்கையாய்க் கிடக்கிற நோயாளிக்கு முதுகு பராமரிப்பு என்றால் ஸ்பிரிட்டும் பவுடரும்தான். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் முதுகைத் துடைத்து, உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி, இடுப்பு, முதுகின் அடி, குதிகால் என்று எலும்பு துருத்துகிற இடங்களை எல்லாம் நன்றாய்த் தேய்த்துவிடுவோம். தோல் சிவந்திருந்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்போம். இரத்த ஓட்டம் வரும், படுக்கைப் புண் வராது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

1994-ல் எங்கள் வார்டில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் கிடந்தார். தகப்பனைப் போல நினைத்துப் பார்த்துக்கொண்டேன். தேய்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே தேய்ப்பேன். மூன்றாவது வாரம் இடுப்புக்குக் கீழே தோல் உடைந்துபோச்சு. வயசு, சர்க்கரை, பலவீனம் என்று காரணம் சொன்னேன். அப்போதுதான் புதிதாய் வந்திருந்த ஒரு சின்னப் பெண், இப்படித் தேய்ப்பதால் புண் வராது என்று எங்கேயாவது பார்த்து நிரூபித்திருக்கிறார்களா அக்கா என்று தணிவாகத்தான் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நீ பிறந்திருக்கவே மாட்டாய் என்கிற மாதிரி எதையோ சொல்லி விரட்டிவிட்டேன்.

அவள் மறுநாள் சில ஜெராக்ஸ் தாள்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். 1992-ல் அமெரிக்க அரசாங்கத்தின் நிபுணர் குழு ஒன்று படுக்கைப் புண்ணைத் தடுப்பது பற்றி வெளியிட்ட வழிகாட்டியின் பக்கங்கள் அவை. எலும்பு துருத்திய இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று அதில் இருந்தது. அழுத்தத்தால் உள்ளே ஏற்கனவே இரத்தம் கிடைக்காமல் நொந்துபோன சதையைத் தேய்த்தால் அது இன்னும் கிழிந்துபோகும். வேண்டியது தேய்ப்பு அல்ல, அழுத்தத்தை எடுப்பது. அதாவது நேரம் தவறாமல் திருப்பிப் படுக்கவைப்பது. நைட் டியூட்டியில் நான் அதை மூன்றுதரம் வாசித்தேன். அந்தப் பெரியவர் எட்டடி தூரத்தில்தான் படுத்திருந்தார்.

அந்த நாட்களில்தான் நைட்டிங்கேல் அம்மையாரைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பரீட்சைக்குப் படித்தபோது விளக்கு மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது.

1820-ம் வருஷம் மே 12-ல் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் பட்டணத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் பெரிய பணக்காரக் குடும்பம். இரண்டு மாளிகை உண்டு. தகப்பனார் மகள்களுக்கு வீட்டிலேயே பல பாஷைகளையும் சரித்திரத்தையும் கற்பித்தார். இந்தப் பிள்ளைக்கோ கணக்கின்மேல் தீராத ஆசை. 1837 பிப்ரவரி 7-ல், 16 வயதில், தேவன் தன்னைத் தம்முடைய ஊழியத்துக்கு அழைத்தார் என்று எழுதிவைத்தாள். எந்த ஊழியம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. நோயாளிகளைப் பார்ப்பதுதான் என்று தெளிவானபோது தாயும் அக்காளும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்றால் குடிகாரி, நடத்தை சரியில்லாதவள் என்றே ஜனங்கள் நினைத்தார்கள். வந்த நல்ல வரனையும் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் பாஸ்டர் பிளீட்னர் நடத்திவந்த ஊழியக்காரச் சகோதரிகளின் விடுதியில் மூன்று மாசம் பயிற்சி எடுத்தாள். அழைப்பு வந்து 14 வருஷம் காத்திருந்தாள் என்பதை நம்ம வாலிபப் பிள்ளைகள் கவனிக்கணும்.

1854-ல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியா யுத்தம். காயப்பட்ட சிப்பாய்கள் நாதியற்றுக் கிடக்கிறார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்து இங்கிலாந்தே கொதித்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொள்ள, இந்த அம்மாள் 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு நவம்பர் 4-ம் தேதி ஸ்குட்டாரிக்கு வந்து சேர்ந்தாள். இன்றைய இஸ்தான்புல் நகரத்தில் உஸ்குதார் என்று சொல்கிற இடம். ராணுவக் குடியிருப்பு ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். நடைகூடங்களில்கூட வரிசையாய் நோயாளிகள். துடைக்கத் துணியில்லை, மாற்றச் சட்டையில்லை. அம்மாள் சாமான் வாங்கினாள், சமையலைச் சீராக்கினாள், துணி வெளுக்க ஏற்பாடு பண்ணினாள். ராத்திரியில் விளக்கோடு வார்டு வார்டாய் நடந்தாள். (அந்த விளக்கு படங்களில் போடுகிற மாதிரி அலாவுதீன் விளக்கு இல்லை, மடக்குகிற துருக்கிக் கூண்டு விளக்கு.) சிப்பாய்கள் அவளைத் தெய்வதூதன் மாதிரி பார்த்தார்கள்.

இதுவரைக்கும் எல்லா சண்டே ஸ்கூல் புத்தகத்திலும் இருக்கும். இனிமேல் வருவதை அங்கே எழுதுவதில்லை.

அவள் வந்த பிறகும் சாவு குறையவில்லை, பிரியமானவர்களே. கூடிப்போச்சு. 1855 பிப்ரவரியில் அங்கே வைத்தியம் பார்த்த நூற்றுக்கு 42 பேர் என்ற கணக்கில் செத்தார்கள். குண்டுக் காயத்தால் அல்ல. பெரும்பாலோர் வயிற்றுப்போக்கு, காலரா, ஜுரம் இவைகளால். இத்தனை அன்பு, இத்தனை கண்விழிப்பு, இத்தனை ஜெபம் இருந்தும் சாவு! அந்தக் கட்டிடத்துக்கு அடியிலேயே அடைத்துக்கொண்ட சாக்கடை ஓடியது. மார்ச் மாசம் அரசாங்கம் அனுப்பின சுகாதாரக் குழு வந்து, சாக்கடையைத் திறந்து, செத்த மிருகங்களை அகற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி பண்ணியது. ஜூன் மாசத்தில் அதே கணக்கு நூற்றுக்கு 2 ஆகிவிட்டது.

1856 ஆகஸ்டில் அவள் ஊர் திரும்பினபோது தேசமே மாலையோடு காத்திருந்தது. அவளோ ஒளிந்துகொள்ளுகிற மாதிரி வீடு வந்து சேர்ந்தாள். வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து, செத்தவர்களை எண்ண ஆரம்பித்தாள். எந்த மாசம், எந்த ஆஸ்பத்திரி, எந்த வியாதி, எத்தனை பேர். யுத்த நாட்களில் அவள் எழுதினவற்றில் சாப்பாட்டுக் குறைவும் சாமான் குறைவும் அதிகாரிகளின் அலட்சியமும்தான் முன்னே நிற்கும். எண்ணி முடித்த பிறகு எழுதினவற்றிலோ சாக்கடையும் நெரிசலும் கெட்ட காற்றும் முன்னே வந்துவிட்டன. அவள் மனசு எந்த நாளில் எவ்வளவு மாறியது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் தான் விளக்கேந்தி நடந்த ஆஸ்பத்திரியின் சாவுக் கணக்கை அவளே அச்சில் போட்டாள். மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண்ணைப் பார்த்தால் பெரியவர்களுக்குத் தூக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே படமாய்ப் போட்டாள். வட்டத்தை 12 மாசத்துக்கு 12 துண்டாய் வெட்டி, தடுத்திருக்கக்கூடிய வியாதியால் வந்த சாவுக்கு நீலம், காயத்தால் வந்ததற்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. நீலம் மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றது. சமாதான நாளில்கூடப் பட்டாளத்துக் குடியிருப்பில் இருக்கிற வாலிபர் அதே வயசு வெளியாட்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சாகிறார்கள் என்றும் காட்டினாள். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவளை உறுப்பினராய்ச் சேர்த்தது. அதில் சேர்ந்த முதல் பெண் அவள்தான்.

1859-ல் நர்ஸ் வேலை பற்றிய சின்னப் புத்தகத்தை எழுதினாள். நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பெரும்பாலும் வியாதியின் குற்றம் அல்ல, பார்த்துக்கொள்ளுகிறவளின் குற்றம் என்ற கருத்தை அதில் வைத்திருக்கிறாள். 1994-ல் அந்த இடம் வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தேன்.

1860-ல் ஜனங்கள் அவளுக்காகச் சேர்த்த நிதியில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பள்ளி ஆரம்பமானது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சொல்ல நினைப்பது அதே நிதியில் நடந்த இன்னொரு வேலை. 1861-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவ வார்டைத் தொடங்கினார்கள். கிராமத்து ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பது நோக்கம். எவ்வளவு நல்ல நோக்கம்! ஏழைத் தாய்மாருக்கு இலவசப் பராமரிப்பு, படித்த சகோதரிகள், சுத்தமான படுக்கை. பொறுப்பில் இருந்தவர்கள் பக்தியுள்ளவர்கள்.

அங்கே தாய்மார் செத்தார்கள். பிரசவ ஜன்னி. ஆறு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், பிரசவித்த ஆயிரம் தாய்மாரில் 30-க்கும் மேலே சாவு. வீட்டில் பிரசவிக்கிற தாய்மாரில், குடிசையில் பெறுகிற ஏழைகளையும் சேர்த்து, ஆயிரத்துக்கு சுமார் 5. ஆஸ்பத்திரியை விட வீடு ஆறு மடங்கு பத்திரம் என்று அவளுடைய சொந்த ஊழியத்தின் கணக்கே சொன்னது.

இந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் என்ன சொல்லியிருப்போம்? பிசாசின் போராட்டம் என்போம். இன்னும் கொஞ்சம் உபவாசம் போட்டு நடத்துவோம் என்போம். நல்ல காரியத்தை நிறுத்தலாமா என்போம். நான் சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் 1867-ல் வார்டை மூடிவிட்டாள். மூடினதோடு நிற்கவில்லை. ஐரோப்பாவின் பல பிரசவ ஆஸ்பத்திரிகளின் கணக்கை எல்லாம் வரவழைத்து, வீட்டுப் பிரசவத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1871-ல் புத்தகமாக வெளியிட்டாள். தன் வார்டின் கணக்கையும் அதில் சேர்த்தாள். பிரசவித்தவர்களை மற்ற நோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ் நெருக்கிப் போடாதீர்கள், பிரசவத்துக்குத் தனியாய்ச் சின்னச் சின்ன வீடு கட்டுங்கள் என்றாள். ஒவ்வொரு இடத்திலும் செத்தவர் எத்தனை, காரணம் என்ன என்று ஒழுங்காய் எழுதிவையுங்கள் என்று கெஞ்சினாள். எழுதாவிட்டால் கொல்லுகிறோமா காப்பாற்றுகிறோமா என்றே தெரியாது அல்லவா?

பட்டாளத்தை எண்ணினதைவிட இதைத்தான் நான் பெரிதாய் நினைக்கிறேன். அங்கே குற்றவாளி அரசாங்கம். இங்கே தன் சொந்தக் கை.

எல்லாவற்றிலும் அவள் சரி என்று நான் சொல்லவில்லை. வியாதி கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினாள். கிருமி என்று விஞ்ஞானிகள் சொன்னதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு வெகு காலம் பிடித்தது. காரணம் தப்பு, ஆனால் எண்ணிக்கை சரியாய் இருந்ததால் செய்த வேலையும் அநேகமாய்ச் சரியாய் முடிந்தது. உபதேசத்திலும் நம்ம மாதிரி இல்லை. தெருச் சாக்கடையை எல்லாம் தேம்ஸ் ஆற்றில் விட்டுக்கொண்டே கொள்ளைநோயை விலக்கும்படி ஜெபிப்பது அவளுக்கு விசித்திரமாய்த் தெரிந்தது. தேவன் ஒழுங்கான பிரமாணங்களால் உலகத்தை நடத்துகிறார், எண்ணிப் பார்க்கிறவன் அந்தப் பிரமாணத்தைக் கண்டுகொள்ளுகிறான் என்பது அவள் விசுவாசம். அற்புதங்களைப் பற்றி அவள் எழுதினதை நம்மால் ஒப்புக்கொள்ள முடியாது. நான் தெய்வீக சுகத்தைக் கண்ணால் கண்டவள்; ஜெபத்தை விடமாட்டேன். ஆனாலும் சாக்கடை விஷயத்தில் அவளோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. பெரோயா பட்டணத்தார்கூட, அப்போஸ்தலன் சொன்னதையே தினந்தினம் ஆராய்ந்து பார்த்துத்தானே ஏற்றுக்கொண்டார்கள்.

கிரிமியாவில் பிடித்த ஜுரம் அவளை விடவில்லை. 1857-க்குப் பிறகு வெகு வருஷம் அறைக்குள்ளேயே, பாதி நாள் கட்டிலிலேயே வாழ்ந்தாள். அந்தக் கட்டிலில் இருந்துதான் நம்ம தேசத்தையும் எண்ணினாள். இந்தியாவுக்கு அவள் வந்ததே இல்லை. மதராஸ் ராஜதானி உட்பட இங்கிருந்த பட்டாளத்து முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினாள். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-ல் வந்த அறிக்கை காட்டியது. பத்து வருஷத்தில் அது 18 ஆகக் குறைந்ததை அவளே எழுதியிருக்கிறாள். பிற்பாடு சிப்பாய்களை விட்டு, நம்ம கிராமத்துத் தண்ணீரையும் பஞ்சத்தையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கண் பார்வையும் போச்சு. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் உறங்கினாள். ராஜாக்களோடு வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் பண்ணத் தயாராய் இருந்தும், குடும்பத்தார் வேண்டாம் என்று கிராமத்துக் கல்லறையில் வைத்தார்கள். கல்லில் பெயரின் இரண்டு எழுத்தும் தேதியும் மட்டும்.

இன்றைக்கு நர்சிங் காலேஜ் பிள்ளைகளுக்கு எவிடென்ஸ் பேஸ்டு பிராக்டிஸ் என்று பாடமே இருக்கிறது. சான்று பார்த்துச் செய்கிற பராமரிப்பு. நம்ம சபைப் பிள்ளை ஒருத்தி அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. மனப்பாடம் பண்ணுகிற பாடமா அது!

அந்தப் பெரியவரிடம் நான் திரும்பிப் போனேன். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவைத்துவிட்டேன். கட்டில் காலில் ஒரு தாளைக் கட்டி, திருப்பிப் படுக்கவைத்த நேரத்தை எழுத ஆரம்பித்தேன். மற்ற சிஸ்டர்மார் கேலி பண்ணினார்கள். பழைய புண் ஆறவில்லை. அவர் அதோடுதான் வீட்டுக்குப் போனார். இரண்டு மாசத்தில் கர்த்தருக்குள் நித்திரையானதாய்க் கேள்விப்பட்டேன். அந்தச் சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.

இப்போது நம்ம சபையில் வயசான ஒரு அம்மா ஒன்பது மாசமாய்ப் படுக்கையில் இருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் போய்ப் பார்க்கிறேன். மருமகள்தான் பராமரிக்கிறாள், பொறுமைசாலி. பழைய வாக்குத்தத்தக் காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இடது, மல்லாந்து, வலது என்று எழுதணும். போன வெள்ளிக்கிழமை பார்த்தால் ராத்திரி 2 மணிக் கட்டம் காலி. கேட்டேன். தூங்கிப்போனேன் ஆன்ட்டி என்று மறைக்காமல் சொல்லிவிட்டாள். 4 மணிக்கும் இடது பக்கம்தான் படுத்திருந்தார்களாம். இரண்டு பேருமாய்த் திருப்பிப் பார்த்தோம். இடது இடுப்பெலும்பின்மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் லேசாய் அமுக்கி எடுத்தேன். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தது. தோல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவள் எண்ணெய் எடுத்துவரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வலது பக்கமாய்ப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஜெபித்துவிட்டு, 10.40 என்று எழுதினோம்.